பல் பட்ட சட்டம்

முஹரக்கில், முத்து வியாபாரி ஒருவர் கட்டிய வீடு.
பதினேழு ஜன்னல்.
கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் படம் எடுத்து
சாக்பீஸால் எண் போட்டிருக்கிறார்கள்.
எனக்கு வந்தது ஒன்பது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்குகிறது.
பாயில் உட்கார்ந்தவன் முகத்துக்குக் கடற்காற்று வர
யாரோ கணக்குப் போட்டு வைத்த உயரம்.
அதைச் செப்பனிட நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பெயிண்ட்.
சூடு காட்டிச் சுரண்டினால் காபிக்கொட்டை நிறம்.
அதற்கடியில் சாம்பல்.
அதற்கடியில் பள்ளிக்கூடப் பச்சை.
அதற்கும் அடியில் ஒரு நீலம்,
நகத்தின் அகலத்துக்கு மட்டும்.
நிறுத்து என்றார் ஷெய்மா.
ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தபால்தலை அளவு
படிக்கட்டு மாதிரி விட்டு வை என்றார்.

அடிக்கட்டை உப்பில் ஊறிப்போயிருந்தது.
உளி வைத்தால் இறங்குகிறது,
டீயில் நனைத்த பிஸ்கட்.
கொஞ்சம் மேலே தட்டினால் மணி.
எதுவரை பிஸ்கட், எதிலிருந்து மணி என்று
தட்டித் தட்டிப் பென்சிலால் கோடு போட்டேன்.
நாலரை விரல்கடை.
முழுசாக மாற்றிவிடலாமே, அரை நாள் வேலை என்றேன்.
ஷெய்மா சிரிக்கவில்லை.
'நாலரை' என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

இருபத்தாறு வருஷமாக
ஒட்டுத் தெரியாமல் ஒட்டுவதற்கே எனக்குச் சம்பளம்.
வில்லாக்களில் நான் வைத்த இணைப்பை
நானே தேடினாலும் கிடைக்காது.
இங்கே சட்டம் வேறு.
ஒட்டுத் தெரிய வேண்டும்.
புது மரத்துக்குப் பழைய நிறம் பூசக் கூடாது.
உள்பக்கம் வருஷத்தைச் செதுக்க வேண்டும்.
என்னையே நான் காட்டிக்கொடுப்பது போலிருந்தது.
சாய்வெட்டு வெட்டி, ஆப்பு இறக்கி,
ஆணியில்லாமல் பிடிக்கவைத்தேன்.
கறுத்த ஆளுக்கு வெளுத்த கால்.
மொஜம்மெல் வந்து பார்த்து
'வைரக்கண்ணு பாய், சாக்ஸ் போட்டுவிட்டாயா?' என்றான்.

நாங்கள் தங்கும் அறை ஜன்னலில்
ஏசி உட்கார்ந்திருக்கிறது.
மீதிக் கண்ணாடிக்கு அலுமினியத் தாள்,
இரவு ஷிப்டு ஆட்கள் பகலில் தூங்க.
அங்கே ஒட்டு நன்றாகவே தெரிகிறது.

தரையிலிருந்து முழத்துக்குக் கொஞ்சம் மேலே
ஒரு குறுக்குச் சட்டம்.
அதில் சின்னச் சின்னக் குழி, வரிசையாக.
பூச்சி என்று நினைத்து
மக்கு கலந்து மூன்றை அடைத்தேன்.
நாலாவதில் கத்தி நின்றது.
மேலே நாலு. அடிப்பக்கம் ரெண்டு.
கொஞ்சம் தள்ளி மறுபடி
மேலே நாலு. அடியில் ரெண்டு.
பூச்சி இப்படி
நேருக்கு நேர் சாப்பிடாது.

ஒரு பிள்ளை இதைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறது.
கடலைப் பார்த்ததா தெருவைப் பார்த்ததா தெரியாது.
ஈறு ஊறியிருக்கிறது. கடித்திருக்கிறது.
நீலம் பூசுவதற்கும் முன்னால்.
இப்போது அதற்கு நூறு வயது தாண்டியிருக்கும்,
அல்லது ரெண்டு வயதே ஆகாமல் போயிருக்கும்.

ஷெய்மாவைக் கூப்பிட்டேன்.
குனிந்தார், மண்டியிட்டார்,
தன் முன்பற்களைச் சட்டத்துக்கு மிக அருகே கொண்டுபோய்
நான் இருப்பது நினைவு வந்து
நிறுத்திக்கொண்டார்.

படிவத்தில் 'சேதம்' என்று ஒரு கட்டம்,
'பழுது பார்த்த விதம்' என்று ஒரு கட்டம்.
இதை எதில் எழுதுவது?
ரெண்டையும் காலியாக விட்டோம்.

நான் அடைத்த மூன்றையும்
பல்குத்தும் குச்சியால் கெல்லி எடுக்க
ஒரு மதியம் முழுக்க ஆயிற்று.

கதவை மாட்டினேன். முட்டுகிறது.
ரெண்டு இழுப்பு இழைத்தால் இறங்கிவிடும்.
ஆனால் ஆகஸ்டு,
காற்றையே பிழியலாம்.
இப்போது இழைத்தால் ஜனவரியில் கடகடக்கும்.
விட்டுவிட்டேன்.

என் லீவு அக்டோபரில்.
திரும்பி வருவது கம்பெனி கையில்.
மொஜம்மெலிடம் சொல்லியிருக்கிறேன்.
குளிர் வந்து மரம் இளைத்தபின் சாத்திப் பார்.
அப்போதும் முட்டினால் மட்டும் தொடு.
வலது மேல் மூலை.
பென்சில் குறி இருக்கிறது.